நாசாவும் இல்லை, இஸ்ரோவும் இல்லை... வார இறுதியில் ராக்கெட் விடும் சாமானியர்கள்! 'ஹை பவர் ராக்கெட்ரி' என்றால் என்ன?

2024 அக்டோபர் 20. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள பிளாக் ராக் பாலைவனத்திலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. ஒலியைப் போல ஐந்து மடங்குக்கும் அதிகமான வேகத்தில் பறந்து, சுமார் 143 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டது. விண்வெளி எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 100 கிலோமீட்டர். அதையும் தாண்டி இன்னும் 43 கிலோமீட்டர்.

இதை ஏவியது நாசா இல்லை, ஸ்பேஸ்எக்ஸும் இல்லை. சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர்கள்! ராக்கெட்டின் பெயர் 'ஆஃப்டர்ஷாக் 2'. அமெச்சூர் ராக்கெட் ஒன்று எட்டிய மிக அதிக உயரம் இதுதான் என்று அந்தக் குழு அறிவித்தது.

இது உச்சபட்ச சாதனை. ஆனால், இதே பாலைவனத்திலும், அமெரிக்காவின் பல ஊர்களில் அறுவடை முடிந்த வயல்களிலும், வார இறுதி நாட்களில் சாதாரண மனிதர்கள் தங்கள் வீட்டு கார் ஷெட்டில் செய்த ராக்கெட்டை எடுத்து வந்து வானில் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியர்கள், மெக்கானிக்குகள், ஓய்வு பெற்றவர்கள் எனப் பலரும் இதில் உண்டு. அட்டைக் குழாய், ஃபைபர் கிளாஸ், எபாக்ஸி பசை, ஒரு பாராசூட். இந்தப் பொழுதுபோக்குக்குத்தான் 'ஹை பவர் ராக்கெட்ரி' என்று பெயர்.

இவ்வளவு சக்திவாய்ந்த பொருளைப் பொதுமக்கள் கையில் எப்படிக் கொடுத்தார்கள்? விபத்து நடக்காதா? அரசு சும்மா விட்டதா? விரிவாகப் பார்க்கலாம்.

தீபாவளி ராக்கெட் மாதிரியா இது?

இல்லை. தீபாவளி ராக்கெட்டைப் பாட்டிலில் நிறுத்தி, திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடி வருகிறோம். அது மேலே போய் வெடித்ததும் நம் வேலை முடிந்தது. குச்சி எந்த வீட்டு மாடியில் விழுந்தது என்று யாரும் தேடிப் போவதில்லை.

ஹை பவர் ராக்கெட்டில் மேலே போவது பாதி வேலைதான். ராக்கெட் பாராசூட்டில் பத்திரமாக இறங்கி, மறுபடியும் பறக்கும் நிலையில் திரும்பி வந்தால்தான் அது வெற்றி. எவ்வளவு உயரம் போனாலும், கீழே வரும்போது மூக்கு மண்ணில் குத்தினால் ஃபெயில்தான். இந்தப் பொழுதுபோக்கின் விதிமுறைகள், கருவிகள், செலவு, டென்ஷன் என எல்லாமே இறங்குவதைச் சுற்றித்தான் இருக்கின்றன.

எழுத்துகளில் இருக்கிறது சக்தி

ராக்கெட் மோட்டார்களை ஆங்கில எழுத்துகளால் வகைப்படுத்துகிறார்கள். மோட்டார் எரிந்து முடியும்வரை தரும் மொத்த உந்துதலை 'நியூட்டன்-விநாடி' என்ற அளவில் கணக்கிடுவார்கள். 'ஏ' வகை மோட்டார் என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-விநாடி. 'பி' என்றால் 5. 'சி' என்றால் 10. ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு மடங்கு.

பார்க்கச் சின்ன கணக்காகத் தெரியும். ஆனால் சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதைதான் இது. 'ஜி' வரும்போது 160. 'ஜே' வரும்போது 1,280. 'எம்' வரும்போது 10,240. 'ஓ' எழுத்தை எட்டும்போது 40,960 நியூட்டன்-விநாடி! முதல் எழுத்தைப் போல 16,384 மடங்கு.

கடையில் வாங்கி, பள்ளி மைதானத்தில் விடும் மாடல் ராக்கெட் எல்லாம் 'ஜி' வரைதான். 'ஹெச்' தொடங்கினால் ஹை பவர். மோட்டாருக்குள் 125 கிராமுக்கு மேல் எரிபொருள் இருந்தாலும், ராக்கெட்டின் எடை 1,500 கிராமைத் தாண்டினாலும்கூட ஹை பவர் கணக்கில்தான் சேரும். அதன்பிறகு கடையில் போய் "ஒண்ணு கொடுங்க" என்று கேட்டு வாங்கிவிட முடியாது. 18 வயது ஆகியிருக்க வேண்டும், சான்றிதழ் வேண்டும்.

மோட்டாரின் பெயரைப் படிக்கத் தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். 'ஜே 350' என்று ஒரு மோட்டார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'ஜே' என்பது மொத்த சக்தியின் வகை. 350 என்பது சராசரியாக எவ்வளவு விசையோடு தள்ளும் என்பது, நியூட்டன் கணக்கில். மொத்தம் 700 நியூட்டன்-விநாடி என்றால், 350-ஆல் வகுத்துப் பாருங்கள்... இரண்டே விநாடி. அவ்வளவுதான் எரியும். மிச்சப் பயணம் முழுக்க அந்த இரண்டு விநாடி கொடுத்த வேகத்தில்தான்.

350 நியூட்டன் என்பது ஏறக்குறைய 35 கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கும் விசை. ஆனால் ராக்கெட்டின் எடை அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதாவது 12 கிலோவுக்குள். ஏன் இந்தக் கட்டுப்பாடு? மெதுவாகக் கிளம்பும் ராக்கெட்டின் துடுப்புகளில் போதுமான காற்று படாது. காற்று பட்டால்தான் துடுப்புகள் ராக்கெட்டை நேராக வைத்திருக்கும். தண்டவாளத்தை விட்டு விலகும்போதே போதிய வேகம் இல்லையென்றால், ராக்கெட் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

செருப்புக் கடைக்காரர் தொடங்கி வைத்தது

1957-இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியபோது அமெரிக்காவே ராக்கெட் மோகத்தில் மூழ்கியது. பள்ளி மாணவர்கள் உலோகக் குழாயில் கையில் கிடைத்த ரசாயனங்களை அடைத்துப் பற்றவைத்தார்கள். அதில் சிலர், மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊரில் வளர்ந்த ஹோமர் ஹிக்கம் மாதிரி, பின்னாளில் நாசா பொறியாளர் ஆனார்கள். சிலர் விரல்களை இழந்தார்கள். சிலர் உயிரையே விட்டார்கள். 'அடித்தளத்து வெடிகுண்டுக்காரர்கள்' என்று அந்தப் பையன்களுக்குப் பட்டப்பெயரே விழுந்தது.

இதற்கு மாற்று ஏற்கெனவே நெப்ராஸ்கா மாநிலத்தில் தயாராக இருந்தது. அங்கே நோர்ஃபோக் என்ற ஊரில் செருப்புக் கடை நடத்திவந்த ஆர்வில் கார்லைல், பட்டாசு விஷயத்தில் கெட்டிக்காரர். அவருடைய சகோதரர் ராபர்ட்டுக்கு மாடல் விமானங்களில் ஆர்வம். ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்று விளக்கிக் காட்ட, 1954 வாக்கில் ஆர்வில் ஒரு சின்ன ராக்கெட்டை உருவாக்கினார். உடல் காகிதத்தால் ஆனது. மோட்டார் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் தனிப் பொருள். எரிந்து முடிந்ததும் அதே மோட்டார் பாராசூட்டையும் வெளியே தள்ளிவிடும்.

வெள்ளை மணல் ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்துவந்த ஜி. ஹாரி ஸ்டைன் இதைப் பார்த்ததும் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். பையன்களிடம் "ராக்கெட் விடாதே" என்று சொன்னால் கேட்க மாட்டார்கள். எரிபொருளைக் கலக்கும் வேலையை மட்டும் அவர்கள் கையிலிருந்து எடுத்துவிட்டால் போதும். 1957-இல் தேசிய ராக்கெட்ரி சங்கம் உருவானது. அதோடு பாதுகாப்பு விதிமுறையும் வந்தது. அடுத்து கொலராடோவின் வெர்ன் எஸ்டெஸ் மோட்டார்களை மெஷினில் தயாரிக்க ஆரம்பிக்க, பொழுதுபோக்கு நாடு முழுக்கப் பரவியது.

அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்கள் ஆனபிறகு சின்ன ராக்கெட் போதவில்லை. 1982-இல் ஓஹியோ மாநிலத்தின் மெடினாவில் பெரிய மோட்டார்களுக்கென்றே ஒரு கூட்டம் நடந்தது. அதற்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர்: 'பெரிய, ஆபத்தான ராக்கெட் கப்பல்கள்'. கிண்டலாக வைத்த பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது. 1985-இல் ட்ரிபோலி ராக்கெட்ரி சங்கம் தேசிய அளவிலான ஹை பவர் அமைப்பாக மாறியது. இன்று சான்றிதழ் கொடுப்பது இந்த இரண்டு சங்கங்களும்தான்.

சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்?

மூன்று நிலைகள் உண்டு. லெவல் 1 என்றால் 'ஹெச்', 'ஐ' மோட்டார்கள். லெவல் 2 என்றால் 'ஜே', 'கே', 'எல்'. லெவல் 3 என்றால் 'எம்' முதல் மேலே.

லெவல் 1-க்கு எழுத்துத் தேர்வு கிடையாது. நீங்களே கட்டிய ராக்கெட்டை, சங்கத்தின் அனுபவசாலி ஒருவர் முன்னிலையில் ஏவ வேண்டும். பாராசூட் விரிய வேண்டும். இறங்கிய ராக்கெட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் காட்ட வேண்டும். துடுப்பு உடைந்திருந்தால்? ஃபெயில். காட்டுக்குள் போய் விழுந்து கிடைக்கவே இல்லையென்றால்? அதுவும் ஃபெயில். 'மோட்டாரை மாற்றி இப்போதே மறுபடியும் பறக்கவிட முடியுமா' என்பதுதான் அவர் பார்க்கும் ஒரே கேள்வி.

லெவல் 2-க்கு எழுத்துத் தேர்வும் உண்டு. லெவல் 3 என்பது கிட்டத்தட்ட ஒரு ப்ராஜெக்ட். ராக்கெட்டைக் கட்டும் முன்பே வரைபடங்களையும் கணக்குகளையும் இரண்டு ஆலோசகர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். பாராசூட்டை விரிக்கும் எலெக்ட்ரானிக் கருவி ஒன்றுக்கு இரண்டாக இருக்க வேண்டும். பேட்டரி தனி, ஒயர் தனி, மருந்து தனி. ஒன்று செத்துப்போனாலும் இன்னொன்று வேலை செய்ய வேண்டும்.

உண்மையான சவால்: இறங்குவது

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ராக்கெட் 3,000 மீட்டர் உயரம் போகிறது. உச்சியிலேயே பெரிய பாராசூட்டை விரித்துவிட்டால், விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் மெதுவாக இறங்கும். தரையைத் தொட 500 விநாடி, அதாவது எட்டு நிமிடத்துக்கும் மேல். காற்று விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசினால், ராக்கெட் இரண்டரை கிலோமீட்டர் தள்ளிப் போய் விழும். வயல் தாண்டி, ரோடு தாண்டி, யார் வீட்டுக் கூரைக்கோ!

சரி, பாராசூட்டே இல்லாமல் கீழே வரவிட்டு, கடைசியில் விரித்தால்? அப்போது வேகம் அதிகமாகி, பாராசூட் கிழிந்துவிடும்.

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் 'டூயல் டெப்ளாய்மென்ட்'. உச்சியில் ஒரு குட்டிப் பாராசூட் மட்டும் விரியும். ராக்கெட் விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் விறுவிறுவென இறங்கும். தரையிலிருந்து 200 மீட்டர் இருக்கும்போது பெரிய பாராசூட் விரியும். இப்போது கணக்கைப் பாருங்கள். மொத்தம் சுமார் 145 விநாடி. அதே காற்றுக்கு முக்கால் கிலோமீட்டருக்குள் வந்துவிடும். நடந்தே போய் எடுத்து வரலாம்.

இதை யார் இயக்குகிறார்கள்? ராக்கெட்டுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட் போர்டு. பெயர் ஆல்டிமீட்டர். உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறையும் இல்லையா? அதை இந்தக் கருவி தொடர்ந்து அளந்துகொண்டே இருக்கும். குறைந்துகொண்டே வந்த அழுத்தம் மறுபடியும் கூடத் தொடங்கினால், "உச்சியைத் தாண்டிவிட்டோம்" என்று அர்த்தம். உடனே மின்சாரம் பாய்ச்சி ஒரு சில கிராம் கருமருந்தை வெடிக்கவைக்கும். அந்த வாயு அழுத்தத்தில் ராக்கெட் இரண்டாகப் பிரிந்து பாராசூட் வெளியே வரும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சொதப்ப வாய்ப்புகள் ஏராளம். ஆல்டிமீட்டருக்குக் காற்று போக ராக்கெட்டின் உடலில் சின்ன ஓட்டைகள் போட வேண்டும். ஓட்டையின் அளவு தப்பினால் கருவி தப்பாகப் படிக்கும். ராக்கெட் ஒலியின் வேகத்தைக் கடக்கும்போது காற்றழுத்தம் திடீரென்று குதிக்கும். அதை உச்சி என்று நினைத்துக் கருவி ஏமாந்துவிட்டால், மணிக்கு 1,200 கிலோமீட்டர் வேகத்தில் பாராசூட் விரியும். அப்புறம் என்ன, துண்டு துண்டாகத்தான் பொறுக்க வேண்டும். அந்த நேரத்தில் கருவி சும்மா இருக்கும்படி அதன் மென்பொருளிலேயே பூட்டு போட்டு வைக்கிறார்கள்.

மருந்து குறைந்தால் ராக்கெட் பிரியாது. கூடினால் உடைந்துவிடும். பாராசூட்டை ராக்கெட்டோடு இணைக்கும் கயிறு, வேகம் அதிகமாக இருக்கும்போது இழுபட்டால், குழாயைக் கத்தி மாதிரி நெடுக்காகக் கிழித்துவிடும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸிப்பர்'. பாராசூட்டே விரியாமல் தலைகீழாக வந்து தரையில் குத்தி நின்றால் 'லான் டார்ட்', புல்வெளி அம்பு. மோட்டார் ஏவும்போதே வெடித்துச் சிதறினால் 'கேட்டோ'. தோல்விக்கு இத்தனை செல்லப் பெயர்கள் வைத்திருப்பதைப் பார்த்தாலே தெரியும், இவை எவ்வளவு அடிக்கடி நடக்கின்றன என்று.

இதில் உயிருக்கு ஆபத்தானது புல்வெளி அம்புதான். பல கிலோ எடையுள்ள, கூர்மையான ஒரு பொருள் சத்தமே இல்லாமல் வானத்திலிருந்து வருகிறது. அதனால்தான் களத்தில் யாராவது ஒருவர் பாராசூட் விரியாததைப் பார்த்துவிட்டால் போதும், மைக்கில் எச்சரிக்கை கேட்கும். எல்லோரும் எழுந்து நின்று வானத்தைப் பார்ப்பார்கள்.

களத்தில் என்னென்ன விதிகள்?

ஏவும் இடத்துக்குக் கொண்டு போகும் முன் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் ராக்கெட்டைச் சோதிப்பார். துடுப்பைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். எடை மையம் எங்கே, காற்றழுத்த மையம் எங்கே என்று கேட்பார். எடை மையம் மூக்குப் பக்கமும், காற்றழுத்த மையம் வால் பக்கமும் இருக்க வேண்டும். இடையில் குறைந்தது ராக்கெட்டின் விட்டம் அளவுக்கு இடைவெளி வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. இது தலைகீழானால் ராக்கெட்டும் தலைகீழாகும்.

பற்றவைக்கும் ஒயரை ஏவுதளத்தில் நிறுத்திய பிறகுதான் மோட்டாருக்குள் நுழைக்கலாம். ஆல்டிமீட்டரின் சுவிட்சையும் அங்கேதான் போடலாம். ஏனென்றால், சுவிட்ச் போட்ட அடுத்த நொடியே அது ஒரு வெடிமருந்துப் பொறி. முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை அது.

காற்று மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டருக்கு மேல் வீசினால் ஏவக் கூடாது. செங்குத்திலிருந்து 20 டிகிரிக்கு மேல் சாய்க்கக் கூடாது. மேகத்துக்குள் விடக் கூடாது. 'ஹெச்' மோட்டாருக்கு 100 அடி தள்ளி நிற்க வேண்டும். 'எம்' என்றால் 500 அடி, 'ஓ' என்றால் 1,500 அடி. பட்டனை அழுத்தியும் கிளம்பவில்லையென்றால் ஒரு நிமிடம் வரை யாரும் அருகில் போகக் கூடாது.

ராக்கெட் மின்கம்பியிலோ உயரமான மரத்திலோ சிக்கிக்கொண்டால் எடுக்க முயற்சி செய்யக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. பல மாத உழைப்பு கண் முன்னால் தொங்கும்போது இந்த விதியைக் கடைப்பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்று தோன்றுகிறது.

இவை போக அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பின் அனுமதி வேண்டும். எந்த நாளில், எந்த நேரத்தில், எத்தனை அடி உயரம் வரை வான்பரப்பைப் பயன்படுத்தலாம் என்று எழுத்துபூர்வமாக வாங்கிய பிறகுதான் மேலே எதுவும் போகும். ராக்கெட்டில் மனிதர்கள் ஏறக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. 2020 பிப்ரவரியில் தானே செய்த நீராவி ராக்கெட்டில் ஏறிப் பறந்து உயிரிழந்த மைக் ஹியூஸின் வீடியோவை நீங்கள் பார்த்திருக்கலாம். அதற்கும் இந்தப் பொழுதுபோக்குக்கும் சம்பந்தம் இல்லை.

வெடிபொருளா, எரிபொருளா? 9 ஆண்டு சட்டப் போராட்டம்

பெரிய மோட்டார்களுக்குள் இருப்பது கருமருந்து இல்லை. அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியத் தூள் ஆகியவற்றை ரப்பரில் கலந்து இறுகவைத்த எரிபொருள். தொட்டுப் பார்த்தால் பென்சில் அழிக்கும் ரப்பர் மாதிரிதான் இருக்கும். அமெரிக்க விண்வெளி ஓடங்களின் பக்கவாட்டு பூஸ்டர்களில் இருந்ததும் இதே குடும்பம். நம் பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்தில் இருப்பதும் இதே குடும்பம்தான்.

இது வெடிபொருளா என்பதில்தான் சண்டை வந்தது. அமெரிக்காவில் மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் ஆகியவற்றைக் கண்காணிக்கும் ஏ.டி.எஃப் அமைப்பு, தன் வெடிபொருள் பட்டியலில் இதையும் சேர்த்திருந்தது. 62.5 கிராமுக்கு மேல் எரிபொருள் உள்ள மோட்டார் என்றால் வெடிபொருள் உரிமம் வேண்டும், அதற்கான தனிக் கிடங்கு வேண்டும், அதிகாரிகள் வந்து சோதிப்பார்கள் என்ற நிலை. சுரங்கத்துக்கு டைனமைட் வாங்குபவருக்கும், ஞாயிற்றுக்கிழமை ராக்கெட் விடும் பள்ளி ஆசிரியருக்கும் ஏறக்குறைய ஒரே கண்டிப்பு.

இரண்டு ராக்கெட் சங்கங்களும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டு வழக்கு போட்டன. அடுத்த வருடமே இரட்டைக் கோபுரத் தாக்குதல். நாட்டின் மனநிலையே மாறிப்போனது. 2002-இல் வந்த புதிய வெடிபொருள் சட்டம், சொந்த மாநிலத்துக்குள் வாங்குவதற்கும் அனுமதி வேண்டும் என்று இறுக்கியது. வயோமிங் மாநில செனட்டர் மைக் என்ஸி, ராக்கெட் ஆர்வலர்களுக்கு விலக்கு கேட்டு 2003-இல் மசோதா கொண்டுவந்தார். 'பயங்கரவாதிகள் கையில் கிடைத்தால் என்ன ஆகும்?' என்று எதிர்ப்பு கிளம்பியது. அந்தக் கேள்வியை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது என்பதும் உண்மைதான்.

ஆனால் நீதிமன்றத்தில் விவாதம் பயத்தைப் பற்றியதாக இல்லை, வேகத்தைப் பற்றியதாக இருந்தது. வெடிபொருள் என்று சொல்ல வேண்டுமானால் அது எவ்வளவு வேகமாக எரிய வேண்டும்? டைனமைட் மாதிரியான பொருளில் வெடி அலை விநாடிக்கு ஆயிரக்கணக்கான மீட்டர் வேகத்தில் பாயும். ராக்கெட் எரிபொருளோ மோட்டாருக்குள் விநாடிக்கு மில்லிமீட்டர் கணக்கில்தான் எரிந்துகொண்டு போகும். இரண்டையும் ஒரே பட்டியலில் வைக்க என்ன அறிவியல் ஆதாரம் என்று சங்கங்கள் கேட்டன.

2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஏ.டி.எஃப் சொன்ன விளக்கம் போதாது என்று திருப்பி அனுப்பியது. 2009 மார்ச்சில் வாஷிங்டன் நீதிபதி ரெஜி வால்டன், இந்த எரிபொருளை வெடிபொருளாக வகைப்படுத்தியது செல்லாது என்று தீர்ப்பளித்தார். 9 ஆண்டுகள்! பொழுதுபோக்குச் சங்கங்கள் தங்கள் கைக்காசில் நடத்திய வழக்கு இது.

அடுத்த மாதமே, 2009 ஏப்ரல் 25 அன்று, மேரிலேண்ட் மாநிலத்தின் பிரைஸ் என்ற ஊரில் ஒரு காட்சி. நிலவுக்கு மனிதர்களைக் கொண்டு போன சாட்டர்ன் 5 ராக்கெட்டை, பத்தில் ஒரு பங்கு அளவில் ஓஹியோவைச் சேர்ந்த ஸ்டீவ் ஈவ்ஸ் கட்டியிருந்தார். பத்தில் ஒரு பங்கு என்றதும் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். உயரம் 36 அடி, எடை சுமார் 750 கிலோ. ஒன்பது மோட்டார்கள். 4,400 அடிக்கு மேல் பறந்து, பாராசூட்டுகளில் இறங்கியது.

விளையாட்டு மட்டும்தானா?

பிளாக் ராக் பாலைவனத்துக்கே திரும்பப் போவோம். ஏரி வற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கும் நிலம் அது. 2004 மே 17 அன்று கை மைக்கேல்சன் தலைமையிலான குழுவின் 'கோஃபாஸ்ட்' ராக்கெட் இங்கிருந்து 100 கிலோமீட்டர் எல்லையைத் தாண்டியது. தனியார் ஆர்வலர்கள் கட்டிய ராக்கெட் ஒன்று விண்வெளியைத் தொட்டது அதுவே முதல்முறை.

ஆனால் அதைவிட அதிகம் பேருக்குப் பயன்பட்டது 'ஆர்லிஸ்' என்ற திட்டம்தான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பாப் ட்விக்ஸ், குளிர்பான கேன் அளவுக்குள் மாணவர்கள் ஒரு செயற்கைக்கோள் மாதிரி செய்ய வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தார். செய்தாகிவிட்டது, யார் மேலே கொண்டு போவது? ராக்கெட் ஆர்வலர்கள் முன்வந்தார்கள். 1999 முதல் இந்தப் பாலைவனத்தில், அவர்களுடைய ராக்கெட்டுகள் அமெரிக்க, ஜப்பானிய மாணவர்களின் 'கேன்சாட்'களை சுமார் 12,000 அடி உயரத்துக்குக் கொண்டு போய் விடுகின்றன. இன்று உலகெங்கும் நடக்கும் கேன்சாட் போட்டிகளின் தொடக்கம் இந்த யோசனைதான்.

நாசாவே ஆண்டுதோறும் நடத்தும் மாணவர் ராக்கெட் போட்டியிலும் பறப்பவை ஹை பவர் ராக்கெட்டுகள்தான். அங்கேயும் மார்க் போடும்போது உயரத்தோடு சேர்த்து, பத்திரமாக இறங்கியதா என்றும் பார்க்கிறார்கள்.

நம்ம ஊரில் செய்யலாமா?

யூடியூப் வீடியோ பார்த்துவிட்டுப் பலரும் கேட்கும் கேள்வி இது. வீட்டில் எரிபொருள் கலப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தியாவில் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும், 2008-ஆம் ஆண்டின் விதிகளும் நடைமுறையில் இருக்கின்றன. உரிமம் இல்லாமல் வெடிபொருள் தயாரிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 1950-களில் அமெரிக்கப் பையன்கள் விரல்களை இழந்தது இதே வேலையைச் செய்துதான்.

நிறுவனங்கள் வழியாகப் பாதை திறந்திருக்கிறது. மணிப்பால் மாணவர்களின் 'த்ரஸ்ட்எம்ஐடி' குழு, அமெரிக்காவில் நடந்துவந்த ஸ்பேஸ்போர்ட் அமெரிக்கா கோப்பை போட்டியில் பங்கேற்றிருக்கிறது. இன்-ஸ்பேஸ் அமைப்பும் இந்தியாவில் மாணவர்களுக்கான மாடல் ராக்கெட், கேன்சாட் போட்டியை நடத்துகிறது. 2024 ஆகஸ்ட் 24 அன்று சென்னையை அடுத்த திருவிடந்தையிலிருந்து ஸ்பேஸ் ஸோன் இந்தியா நிறுவனம் ஏவிய 'ரூமி-1' ராக்கெட்டை நினைவிருக்கலாம். அது பொழுதுபோக்கு ராக்கெட் இல்லை, நிறுவனத் தயாரிப்பு. ஹைப்ரிட் வகை மோட்டார் கொண்டது. அதாவது எரிபொருளும் அதை எரியவைக்கும் பொருளும் தனித்தனியாக இருக்கும்.

செலவே இல்லாமல் தொடங்க ஒரு வழி இருக்கிறது. 'ஓப்பன்ராக்கெட்' என்ற மென்பொருளை இலவசமாகப் பதிவிறக்கலாம். பின்லாந்து மாணவர் ஒருவரின் முதுநிலை ஆய்வில் பிறந்தது இது. ஹை பவர் ஆர்வலர்கள் இன்றும் மோட்டார் வாங்கும் முன் இதில்தான் ராக்கெட்டைப் பறக்கவிட்டுப் பார்க்கிறார்கள். குழாய், துடுப்பு, மூக்கு எல்லாவற்றையும் திரையில் இணைத்து, ஒரு 'ஹெச்' மோட்டாரைப் போட்டு ஏவிப் பாருங்கள். பிறகு காற்றின் வேகத்தைக் கூட்டி, பாராசூட்டின் அளவை மாற்றி, ராக்கெட் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள்.